கில்ஸ்லேண்டில் ஆறு நாள்: ரோமானியச் சுவர் ஊருக்குள் நுழையும் இடம்

முதல் நாள்: ஊர் வந்து சேர்தல்

வட இங்கிலாந்தில் ஹேட்ரியன் சுவரைப் பார்க்க வருகிறவர்களில் பெரும்பாலோர் நேரே ஹவுஸ்ஸ்டெட்ஸ் கோட்டைக்குப் போய், கரும்பாறை முகட்டில் வளைந்து செல்லும் சுவரைப் படம் பிடித்துக்கொண்டு திரும்பிவிடுகிறார்கள். படத்துக்கு அந்த இடம்தான். சுவரை எப்படிக் கட்டினார்கள், பாதி வேலையில் எங்கே திட்டத்தை மாற்றினார்கள், பிற்காலத்தில் கல்லெல்லாம் யார் வீட்டுக்குப் போயின என்று தெரிய வேண்டுமானால் கில்ஸ்லேண்டில் தங்க வேண்டும். இங்கிருந்து மேற்கே மூன்று கிலோமீட்டருக்குள் அத்தனையும் கிடக்கிறது.

சுவரைப் பற்றிச் சுருக்கமாக. ரோமப் பேரரசர் ஹேட்ரியன் பிரிட்டனுக்கு வந்த கி.பி. 122இல் வேலை தொடங்கியது. ஆளுநர் பிளாட்டோரியஸ் நெப்போஸ். கட்டியவர்கள் மூன்று லீஜியன் படைகளின் வீரர்கள். கிழக்கே வால்செண்டிலிருந்து மேற்கே சால்வே கழிமுகத்தில் உள்ள போனஸ் வரை 80 ரோமானிய மைல், அதாவது 117 கி.மீ. மைலுக்கு ஒரு சிறு காவல் மனை. அதை மைல்கோட்டை என்போம். இரண்டு மைல்கோட்டைகளுக்கு நடுவே இரண்டு காவல் கோபுரங்கள். எல்லாவற்றுக்கும் கிழக்கிலிருந்து எண் கொடுத்திருக்கிறார்கள். கில்ஸ்லேண்டில் இருப்பது 48ஆம் மைல்கோட்டை. அதற்கு மேற்கே அடுத்தடுத்து வரும் கோபுரங்கள் 48ஏ, 48பி. இந்தக் கணக்கு பிடிபட்டுவிட்டால் வழியில் எந்தப் பலகையைப் பார்த்தாலும் எங்கே நிற்கிறோம் என்று தெரிந்துவிடும்.

வருவதில் ஒரு சிக்கல் உண்டு. நியூகாசில் – கார்லைல் ரயில் பாதை ஊருக்குள்ளேயே போகிறது, ரயில் நிற்பதில்லை. கில்ஸ்லேண்ட் நிலையத்தை 1967இல் மூடிவிட்டார்கள். ஹால்ட்விசிலில் இறங்க வேண்டும். நியூகாசிலிலிருந்து ஏறக்குறைய ஒரு மணி நேரம், கார்லைலிலிருந்து அரை மணிக்குச் சற்று மேல். அங்கிருந்து சாலையில் சுமார் 11 கி.மீ. சுவர் கட்டத் தொடங்கிய ஆண்டையே எண்ணாகக் கொண்ட ஏடி122 பேருந்து கோடைப் பருவத்தில் மட்டும் ஓடுகிறது. வருடா வருடம் அட்டவணை மாறும், ஞாயிறு வேறு, மற்ற நாள் வேறு. போன வருடத்துப் பதிவைப் படித்துவிட்டு நம்பி இறங்கினால் நடுத்தெருவில் நிற்க வேண்டியதுதான். டாக்சியை முதல் நாளே தொலைபேசியில் சொல்லி வைத்துவிடுவது நல்லது. ஹால்ட்விசில் நிலையத்தில் வரிசையாக வண்டிகள் நிற்காது.

ஊர் சின்னது. போல்ட்ராஸ் பர்ன் என்ற ஓடை நடுவே ஓடுகிறது ('பர்ன்' என்றால் வட்டார வழக்கில் ஓடை). ஓடைக்குக் கிழக்கே நார்தம்பர்லேண்ட், மேற்கே கம்பிரியா. ஒரே ஊருக்கு இரண்டு மாவட்டம். தங்குமிடம் என்றால் சில வீட்டு விடுதிகள்தாம். கோடையில் சுவர் நெடுக நடப்பவர்கள் மாதக்கணக்கில் முன்பே பிடித்துவிடுவார்கள். மளிகை, மருந்து, ரொக்கப் பணம் எல்லாவற்றையும் ஹால்ட்விசிலிலேயே முடித்துக்கொண்டு வருவது உத்தமம். பள்ளத்தில் கைபேசி சிக்னல் கிடைக்காது. வரைபடத்தைத் தரவிறக்கி வைத்துக்கொண்டாலும் காகித வரைபடம் ஒன்று பையில் இருக்கட்டும்.

காலணி விஷயத்தில் கஞ்சத்தனம் வேண்டாம். கணுக்காலை மூடும், தண்ணீர் புகாத பூட்ஸ். மே மாதக் கடைசியிலும் காலை எட்டு டிகிரி, மதியம் வெயில், மூன்று மணிக்குச் சாய்ந்தடிக்கும் மழை என்று ஒரே நாளில் மூன்றும் வரும். குடை இங்கே உதவாது. காற்று அதை மடக்கி மறுபுறம் திருப்பிவிடும். இடுப்புக்குக் கீழே இறங்கும் மழைச்சட்டையும் மழைக்காற்சட்டையும்தான் வேண்டும்.

இரண்டாம் நாள்: போல்ட்ராஸ் ஓடையிலிருந்து பர்டாஸ்வால்ட் வரை

நடை மூன்று கிலோமீட்டர்தான். நாள் முழுக்க ஒதுக்குங்கள்.

ஊரிலிருந்து ஓடைப் பள்ளத்தில் இறங்கி, மரப்பாலம் தாண்டி, படி ஏறினால் 48ஆம் மைல்கோட்டை. உள்ளூர்ப் பெயர் 'ராஜாவின் குதிரை லாயம்'. எந்த ராஜாவும் இல்லை, லாயமும் இல்லை. உள்ளே இருபுறமும் நீளவாக்கில் இருக்கும் அறைகள் வீரர்கள் படுத்த இடம். 1909 முதல் 1911 வரை இங்கே அகழ்ந்தார்கள். தரை செங்குத்தாகச் சரிகிறது. சமதளமான இடம் கொஞ்சம் தள்ளி இருந்தும் அளந்து குறித்த இடத்திலேயே கட்டியிருக்கிறார்கள். பட்டாளத்து வேலை அப்படித்தான்.

உள்ளே போனதும் வடகிழக்கு மூலைக்குப் போங்கள். நாலைந்து கற்படிகள் மதிலை ஒட்டி ஏறி, சட்டென்று நின்றுபோகின்றன. சுவர் நெடுக எங்கேயும் அதன் முழு உயரம் மிஞ்சவில்லை. ஆகவே எவ்வளவு உயரம் என்ற கேள்விக்கு இந்தப் படிகள்தான் முக்கியமான சாட்சி. படியின் உயரத்தையும் அகலத்தையும் அளந்து, அதே சரிவில் மேலே நீட்டி, மூலை வரை எத்தனை படி கொள்ளும் என்று கணக்குப் போட்டார்கள். மேலே நடந்துபோகும் தளம் சுமார் 12 அடி உயரத்தில் வருகிறது. அதற்கு மேல் கைப்பிடி மதில். வடமேற்கு மூலையில் அடுப்பின் அடிப்பகுதி இருக்கிறது. படியில் ஏறி நிற்கத் தோன்றும், வேண்டாம். ஒவ்வொரு கல்லும் அளவுச் சான்று.

மைல்கோட்டையை விட்டு மேற்கே போகும் பாதை ரயில் தண்டவாளத்தைக் கடக்கிறது. மேம்பாலம் கிடையாது, கதவைத் திறந்து, நின்று, இருபுறமும் பார்த்து, காது கொடுத்துக் கேட்டுவிட்டுத் தாண்ட வேண்டும். காதில் மாட்டிய கருவியைக் கழற்றிவிடுங்கள். 1838இல் முழுதாகத் திறந்த இந்தப் பாதைக்காகச் சுவரை அறுத்துக்கொண்டு போயிருக்கிறார்கள். அன்றைக்கு அது யாருக்கும் பெரிய விஷயமாகப் படவில்லை.

சாலையைக் கடந்ததும் வில்லோஃபோர்ட் பண்ணையின் மேய்ச்சல் நிலம். ஏறக்குறைய ஒரு கிலோமீட்டருக்குச் சுவர் விட்டுவிடாமல் வருகிறது. இங்கேதான் மெதுவாக நடக்க வேண்டும். தெற்குப் பக்கம் குனிந்து பாருங்கள். அடியில் கடைக்கால் வெளியே துருத்திக்கொண்டிருக்கும், அதன்மேல் எழும் சுவர் உள்ளே தள்ளி இருக்கும். கொத்தனார் தப்பு செய்யவில்லை. முதலில் போட்ட திட்டம் 10 ரோமானிய அடி அகலம். ஒரு குழு முன்னால் போய் அந்த அகலத்துக்குக் கடைக்கால் போட்டுக்கொண்டே சென்றது. பின்னால் வந்தவர்கள் சுவரை எழுப்புவதற்குள் மேலிடத்து உத்தரவு மாறிவிட்டது: 8 அடி போதும். கல்லிலும் உழைப்பிலும் ஐந்தில் ஒரு பங்கு மிச்சம். பின்னாலிருந்த கோட்டைகளைச் சுவரின்மேலேயே கொண்டுவந்து வைப்பது என்று முடிவானபோது வேலை எக்கச்சக்கமாகிவிட, அகலத்தில் கை வைத்தார்கள் என்பது ஆய்வாளர்களிடம் பரவலாக உள்ள கருத்து.

48ஏ கோபுரத்தில் இதே கதை இன்னும் பட்டவர்த்தனம். கோபுரங்களை முன்கூட்டியே கட்டி, இருபுறமும் சுவர் வந்து சேர்வதற்காகப் பத்தடி அகலத்தில் ஆளுக்கொரு 'கை' நீட்டி விட்டிருந்தார்கள். எட்டடிச் சுவர் வந்து பத்தடிக் கையில் முட்டும் இடத்தில் ஒரு படிபோல உடைந்து நிற்கிறது. நம் ஊரில் முதல் தளம் கட்டி, மேலே கம்பியை நீட்டிவிட்டுப் பிறகு வேறு மேஸ்திரி வந்து வேறு அளவில் தொடர்ந்தால் எப்படி இருக்குமோ அப்படி.

48ஏவிலிருந்து 48பிக்குப் போகும்போது ஒரு கணக்கைப் பரிசோதித்துப் பார்க்கலாம். ரோமானியருக்கு ஒரு 'தப்படி' என்பது இடதுகால் ஊன்றியதிலிருந்து மறுபடி இடதுகால் ஊன்றும் வரை. ஆயிரம் தப்படி ஒரு மைல், 1,480 மீட்டர். கோபுரத்துக்குக் கோபுரம் மைலில் மூன்றில் ஒரு பங்கு. இடதுகாலை மட்டும் எண்ணிக்கொண்டு சாதாரணமாக நடந்தால் 330க்கும் 350க்கும் நடுவே அடுத்த கோபுரத்தில் நிற்பீர்கள். குள்ளமானவர்களுக்குக் கொஞ்சம் கூடும்.

முகக்கற்களையும் ஒரு நிமிடம் பாருங்கள். மணற்கல். ஒரு ஆள் தனியாகத் தூக்கி வைக்கிற அளவு. வெளியே தெரியும் முகம் சதுரமாக, உட்பக்கம் ஆப்புபோலக் குறுகிப் போகும். நடுவே கற்சல்லியும் களிமண்ணும் சுண்ணாம்புச் சாந்துமாக நிரப்பல். சுவர்மேல் ஏறி நடக்காதே என்று சொல்வது இதனால்தான்: மேல்மூடிக் கல் போய்விட்ட சுவரில் மிதித்தால் நிரப்பல் தளர்கிறது, மழைநீர் இறங்குகிறது, குளிரில் உறைந்து விரிகிறது, முகக்கல்லை வெளியே தள்ளிவிடுகிறது. ஓரமாக நடக்கும்போதும் வரிசையாக ஒரே தடத்தில் போகாமல் பரவி நடந்தால் புல் பிழைக்கும்.

பண்ணை வீட்டின் கட்டடத்தில் பதித்த ஒரு ரோமானியக் கல் இருக்கிறது. ஐந்தாம் கோஹார்ட்டைச் (லீஜியனின் உட்பிரிவு) சேர்ந்த கெல்லியஸ் பிலிப்பஸின் நூற்றுவர் அணி கட்டிய பகுதி என்று அதில் பொறித்திருக்கிறது. ஒவ்வோர் அணியும் தன் பங்கு முடிந்ததும் இப்படி ஒரு கல்லை வைத்துவிடும். கூலிக் கணக்குபோல, வேலைக் கணக்கு. சுவர் போய்விட்டது, கணக்குக் கல் மட்டும் மாட்டுத் தொழுவம் வரை வந்து சேர்ந்திருக்கிறது.

கீழே இறங்கினால் ரோமானியப் பாலத்தின் கிழக்கு முனை. பெரிய பெரிய சதுரக் கற்கள் புல்வெளி நடுவே காய்ந்து கிடக்கின்றன, ஆற்றைக் காணோம். இர்த்திங் ஆறு இந்தப் பத்தொன்பது நூற்றாண்டுகளில் மேற்குக் கரையை அரித்து அரித்து அந்தப் பக்கம் நகர்ந்துவிட்டது. எதிர்க்கரையில் இருந்த மறுமுனையை ஆறே கொண்டுபோய்விட்டது. ரோமானியர் காலத்திலேயே வெள்ளம் பாலத்தைச் சேதப்படுத்தி, ஒன்றுக்கு மேற்பட்ட முறை மாற்றிக் கட்டியிருக்கிறார்கள். கல்வரிசைகள் ஒன்றன்மேல் ஒன்றாகக் கோணம் மாறிப் போவதைப் பார்த்தால் புரியும்.

இப்போதைய இரும்பு நடைபாலத்தைத் தாண்டியதும் நாளின் ஒரே கடினமான ஏற்றம். ஏறி முடித்தால் ஹாரோஸ் ஸ்கார், 49ஆம் மைல்கோட்டை. இங்கிருந்து பர்டாஸ்வால்ட் கோட்டை வரை நேர்கோட்டில், மார்பளவுக்கு மேல் உயர்ந்து சுவர் போகிறது. அழகான பகுதி. ஆனால் வில்லோஃபோர்டில் பார்த்த இரண்டு அகலம் இங்கே இல்லை. காரணம், இர்த்திங் ஆற்றுக்கு மேற்கே முதலில் கட்டியது கல்சுவரே அல்ல. அது நாளைக்கு. தெற்கு முகத்தில் எங்கோ ஓரிடத்தில் சிறு ஆண்குறிச் சின்னம் செதுக்கியிருக்கிறது. நம் ஊர்ப் புது வீட்டில் பூசணியும் பொம்மையும் கட்டுவது போல, கண்ணேறு கழிக்க. சாய்வெயிலில்தான் கண்ணுக்குத் தட்டுப்படும், உச்சி வெயிலில் தேடிப் பயனில்லை.

பர்டாஸ்வால்ட் கோட்டைக்கு ரோமானியர் வைத்த பெயர் பன்னா. இன்றைய ருமேனியாவைச் சேர்ந்த டேசியர் படை இங்கே நெடுங்காலம் இருந்தது. அவர்களுடைய வளைந்த வாள் இங்கே கிடைத்த ஒரு கல்வெட்டில் செதுக்கியிருக்கிறது. சொந்த மண்ணைப் பிடித்த பேரரசின் எல்லையைக் காக்கும் வேலை, சொந்த ஊர் ஆயுதத்தின் படத்தோடு. இங்கே தவறவிடக் கூடாதது தானியக் களஞ்சியம். தரைக்குக் கீழே காற்றோட்டம் விட்டு, ஈரம் ஏறாமல் தளத்தைத் தூக்கிக் கட்டியிருக்கிறார்கள். 1987இல் தொடங்கிய அகழாய்வில், ரோமானியர் ஆட்சி முடிந்த பிறகு இதே களஞ்சியத்தின்மேல் பெரிய மரக்கூடம் எழுப்பி யாரோ வாழ்ந்தது தெரியவந்தது. அதன் தூண்கள் நின்ற இடங்களில் இப்போது மரக்கட்டைகள் நட்டிருக்கிறார்கள். பார்ப்பவர்கள் உட்காரப் போட்ட கட்டை என்று நினைத்துக்கொள்கிறார்கள்.

மைல்கோட்டை, வில்லோஃபோர்ட், பாலம் மூன்றுக்கும் கட்டணமில்லை. பர்டாஸ்வால்ட், பழஞ்சின்னங்களைப் பராமரிக்கும் இங்கிலிஷ் ஹெரிட்டேஜ் அமைப்பின் நிர்வாகம். சீட்டு உண்டு, குளிர்காலத்தில் பல நாள் மூடியிருக்கும்.

மூன்றாம் நாள்: புல்கட்டிச் சுவர், பிறகு லேனர்காஸ்ட்

இர்த்திங்குக்கு மேற்கே முதலில் எழுந்தது புல்கட்டிச் சுவர். மேய்ச்சல் நிலத்தைச் செங்கல்போல வெட்டி, வேரும் மண்ணும் சேர்ந்த கட்டிகளாக அடுக்கியது. அரையடி கனம், ஓரடி அகலம், ஒன்றரை அடி நீளம் என்பது ரோமானியப் போர்க்கலை நூல்கள் சொல்லும் அளவு. அடி அகலம் ஏறக்குறைய 6 மீட்டர். பின்னாளில் அதை இடித்து அதே கோட்டில் கல்சுவர் கட்டினார்கள். விதிவிலக்கு இந்த இடம் மட்டும்: 49ஆம் மைல்கோட்டைக்கு மேற்கே கொஞ்ச தூரத்துக்குக் கல்சுவர் வடக்கே தள்ளிப் போகிறது, பழைய மண்சுவர் தெற்கே மேடாகத் தனியே கிடக்கிறது. இரண்டையும் அக்கம்பக்கமாகப் பார்க்கச் சுவர் முழுவதிலும் வேறு இடம் கிடையாது.

ஏமாற்றமும் இங்கேதான் நேரும். மண்சுவரைத் தேடி வருகிறவர்கள் பக்கத்திலுள்ள பெரிய மேடுபள்ளத்தைப் பார்த்துவிட்டு, அதுதான் என்று படமெடுத்துப் போய்விடுகிறார்கள். அது வல்லம்: சுவருக்குத் தெற்கே ஓடும், தட்டையான அடி கொண்ட அகழியும் இருபுறக் கரையும். அகழி 6 மீட்டர் அகலம், 3 மீட்டர் ஆழம். இராணுவ நிலத்துக்குள் பொதுமக்களும் மாடுகளும் புகாமல் இருக்கப் போட்ட எல்லை. மண்சுவர் அதைவிடத் தாழ்ந்த, மொட்டையான மேடு. ஆப்பிள்ட்ரீ என்ற இடத்தில் பத்தாண்டுக்கு ஒருமுறை அறிஞர்கள் 'யாத்திரை' வரும்போது அதைக் குறுக்கே வெட்டிக் காட்டுவது வழக்கம். 1849இல் தொடங்கிய யாத்திரை அது. வெட்டுமுகத்தில் பழைய புல் கருங்கோடுகளாக, அடுக்கடுக்காகத் தெரியும்.

மேற்கே சாலையோரத்தில் 52ஏ கோபுரம். புல்கட்டிச் சுவர் காலத்திலேயே கோபுரங்களை மட்டும் கல்லில் கட்டிவிட்டார்கள். பிறகு கல்சுவர் வந்தபோது அது கோபுரத்தின் பக்கங்களில் வெறுமனே வந்து ஒட்டிக்கொண்டது. கல்வரிசைகள் கோத்துக்கொள்ளாமல் நேர்க்கோடாக ஒரு பிளவு இருபுறமும் இருக்கிறது பாருங்கள். வில்லோஃபோர்டில் கோபுரம் கை நீட்டியது, இங்கே நீட்டவில்லை. இந்த ஒரு வித்தியாசத்தை வைத்தே ஆற்றுக்கு எந்தப் பக்கம் நிற்கிறோம் என்று சொல்லிவிடலாம். அடுத்துள்ள பைக் ஹில் கோபுரம் சுவருக்கு 45 டிகிரி திரும்பி நிற்கிறது. சுவருக்கு முன்பே இருந்த சைகைக் கோபுரம். சுவர் பின்னால் வந்து அதை இழுத்துக்கொண்டது.

ஹேர் ஹில்லில் ஏறக்குறைய 3 மீட்டர் உயரத்துக்கு ஒரு துண்டு நிற்கிறது. 'மிஞ்சியதிலேயே உயரமானது' என்று சொல்லக் கேட்பீர்கள். அதன் முகக்கல் 19ஆம் நூற்றாண்டில் திரும்ப வைத்துக் கட்டியது. உள்நிரப்பல் மட்டுமே அசல்.

பர்டாஸ்வால்டிலிருந்து சுமார் 7 கி.மீ. நடந்தால் லேனர்காஸ்ட் மடாலயம். 1169 வாக்கில் நிறுவியது. காணாமல் போன சுவர் கொஞ்சம் இங்கே இருக்கிறது. வில்லோஃபோர்டில் பார்த்த அதே கையடக்க அளவு, அதே சதுர முகம். அடித்தளக் கூடத்தில் ரோமானியப் பலிபீடங்களும் வைத்திருக்கிறார்கள். இங்கிலாந்தின் முதலாம் எட்வர்ட் மன்னர் 1306 கடைசியில் நோயோடு வந்து ஐந்து மாதம்போல இங்கே கிடந்தார். நாட்டின் நிர்வாகமே இந்தப் பள்ளத்தாக்கிலிருந்து நடந்தது. கோயிலின் முன்பாதியில் இன்றும் வழிபாடு நடக்கிறது. திரும்பும் வண்டியை முன்கூட்டியே ஏற்பாடு செய்துகொள்ளுங்கள். நடந்தே திரும்பினால் மொத்தம் 20 கி.மீ. ஆகிவிடும்.

நான்காம் நாள்: கிழக்கே, தர்ல்வால் முதல் வால்டவுன் வரை

கில்ஸ்லேண்டிலிருந்து கிழக்கே கிரீன்ஹெட் வரை சுவரே இல்லை என்று சொல்லலாம். சுவருக்கு வடக்கே தோண்டிய அகழி மட்டும் ஆழமாகக் கூட வருகிறது. கல் எங்கே என்று கேட்டால், பதில் தர்ல்வால் கோட்டை. 14ஆம் நூற்றாண்டில் எல்லைக் கொள்ளையர்களுக்குப் பயந்து ஒரு குடும்பம் சுவரை உரித்துத் தனக்குக் கோட்டை கட்டிக்கொண்டது. இப்போது அதுவும் இடிபாடு. கட்டணமில்லை.

வழியில் கன்று ஈன்ற பசுக்கள் மேயும் நிலங்கள் வரும். நாயோடு வருபவர்கள் கவனிக்க வேண்டும். பசு கன்றுக்கும் மனிதருக்கும் நடுவே வரும். அதற்கு இடம் விட்டு வேலியோரமாகச் சுற்றிப் போங்கள். துரத்தினால் நாயின் கயிற்றை விட்டுவிடுவதுதான் இருவருக்கும் பாதுகாப்பு. கதவு திறந்திருந்தால் திறந்தபடி, மூடியிருந்தால் மூடி விட்டு வர வேண்டும். சாயங்காலம் கால்களில் உண்ணி ஏறியிருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள்.

மேட்டின்மேல் மாக்னா கோட்டை, அதையொட்டி ரோமானியப் படை அருங்காட்சியகம். சிரியாவின் ஹாமா நகரத்து வில்லாளர்கள் இந்த ஈரக்காற்றில் காவல் இருந்தார்கள். கோட்டை பெரும்பாலும் இன்னும் மண்ணுக்குள். 2023இல் தொடங்கிய அகழாய்வுக்கு அவசரக் காரணம் உண்டு: ஈரச் சதுப்பு மண் காற்றைப் புகவிடாமல் தோலையும் மரத்தையும் காப்பாற்றி வைத்திருந்தது, இப்போது மழையும் வறட்சியும் மாறிமாறி அடிக்கையில் மண் காய்ந்து வெடிக்கிறது. 2025இல் அகழியிலிருந்து 32.6 செ.மீ. நீளமுள்ள தோல் செருப்பு ஒன்று வந்தது. அந்தக் காலுக்கு உரியவர் யாரோ.

இங்கே 1915இல் கிடைத்த வெண்கலத் தானியப் படி இப்போது செஸ்டர்ஸ் கோட்டை அருங்காட்சியகத்தில் இருக்கிறது. 17½ செக்ஸ்டேரியஸ் (ரோமானியக் கொள்ளளவு அலகு) கொள்ளும் என்று மேலே பொறித்திருக்கிறது. அளந்து பார்த்தால் ஏறக்குறைய 20.8 கொள்கிறது. குடியானவர்களிடம் தானிய வரி வாங்க இந்தப் படியைப் பயன்படுத்தியிருந்தால் ஆறில் ஒரு பங்கு கொள்ளை. உள்ளே ஒரு அளவுக்கோடு இருந்து அதுவரைதான் நிரப்பினார்கள் என்று ஒரு கட்சியும் வாதாடுகிறது. படியில் கை வைக்கும் அதிகாரிகளைக் கண்டவர்களுக்கு எந்தக் கட்சி பக்கம் சாய்வது என்று சொல்லத் தேவையில்லை.

வால்டவுன் பாறை முகட்டில் சுவர் திரும்பத் தலைகாட்டுகிறது. கீழே உருகி இறுகிய கரும்பாறை, மேலே வெளிர் மணற்கல். காலடியில் பாறை இருந்தும் கல்லைக் கீழேயிருந்து சுமந்து ஏற்றியிருக்கிறார்கள். கரும்பாறை உளிக்கு மசியாது, சதுரமாக உடையாது. இதைத் தெரிந்துகொண்டால் வயல்வேலிகளைப் பார்க்கும் கண் மாறிவிடும். ஒழுங்கற்ற கருங்கற்களுக்கு நடுவே கையடக்கமான வெளிர்ச் சதுரம் ஒன்று உட்கார்ந்திருந்தால், அது சுவரிலிருந்து வந்த கல்லாக இருக்க நிறைய வாய்ப்பு.

ஐந்தாம் நாள்: விண்டோலாண்டா

கிரீன்ஹெட் வரை போய் அங்கிருந்து ஏடி122. கடைசிப் பேருந்து நேரத்தைக் கையிலேயே எழுதிக்கொள்ளுங்கள், விண்டோலாண்டாவில் நேரம் போவது தெரியாது. படை அருங்காட்சியகத்துக்கும் இதற்கும் சேர்த்துக் கூட்டுச் சீட்டு கிடைக்கிறது.

இது சுவருக்குச் சுமார் ஒன்றரை கிலோமீட்டர் தெற்கே, சுவருக்கு முந்தைய கோட்டை. கி.பி. 85 வாக்கில் தொடங்கி ஒன்றன்மேல் ஒன்றாக ஒன்பது கோட்டைகள். புதிதாகக் கட்டும்போது பழையதை இடித்துக் களிமண்ணும் புல்கட்டியும் போட்டு மூடிவிட்டார்கள். காற்றுப் புகாமல் அடியில் உள்ளதெல்லாம் தங்கிவிட்டது. கோடையில் போனால் தன்னார்வலர்கள் தோண்டுவதை வேலியோரம் நின்று பார்க்கலாம்.

1973இல் தொல்லியலாளர் ராபின் பேர்லியின் குழுவுக்கு இங்கே மெல்லிய மரச்சீவல்கள் கிடைத்தன. ஒன்று முதல் மூன்று மில்லிமீட்டர் கனம், அஞ்சலட்டை அளவு. தச்சுவேலைச் சீவல் என்று நினைத்தவற்றில் கரிமை எழுத்து இருந்தது. அகச்சிவப்புப் படத்தில் வாசித்தார்கள். ஓர் அதிகாரியின் மனைவி கிளாடியா செவரா, இங்கிருந்த தளபதியின் மனைவி லெப்பிடினாவைச் செப்டம்பர் 11 அன்று தன் பிறந்தநாளுக்குக் கூப்பிட்டு எழுதிய கடிதம் எல்லோருக்கும் தெரிந்தது. எழுத்தர் எழுதிய கடிதத்தின் அடியில் அவளே தன் கையால் நாலு வரி சேர்த்திருக்கிறாள்.

தமிழ் வாசகர் தேட வேண்டியது வேறொரு பலகை, 184ஆம் எண். வீரர்கள் வாங்கிய பொருள்களின் கடன் கணக்கு. அதில் ஒரு பதிவு: டாப்போவின் மகன் காம்பாக்ஸ், மிளகு, 2 டினேரியஸ் (ரோமானிய வெள்ளிக் காசு). பெயரைப் பார்த்தால் வடமேற்கு ஐரோப்பாக்காரன், சாதாரணச் சிப்பாய். மிளகு அன்றைக்கு விளைந்தது சேர நாட்டு மலைகளில். 'பொன்னொடு வந்து கறியொடு பெயரும்' என்று அகநானூற்றின் 149ஆம் பாட்டு முசிறியில் யவனர் கலங்களைச் சொல்கிறது. கறி என்றால் மிளகு. பெரியாற்றுத் துறையில் ஏறிய மூட்டை செங்கடல் வழி எகிப்துக்கும், நைல் வழி மத்தியதரைக் கடலுக்கும் போய், அங்கிருந்து கை மாறி மாறி இந்தக் குளிர்காட்டில் ஒரு சிப்பாயின் கடன் நோட்டில் விழுந்திருக்கிறது. பலகைகளில் பெரும்பாலானவை லண்டனில் பிரிட்டிஷ் மியூசியத்தில் இருக்கின்றன. இங்கே காட்சிக்கு வைப்பவை சிலவே, 184 இருக்கும் என்று எதிர்பார்த்து வர வேண்டாம்.

நேரம் மிச்சமிருந்தால் ஸ்டீல் ரிக்கிலிருந்து சிக்கமோர் கேப் வரை நடக்கலாம். சுவரோரப் பள்ளத்தில் தனியே நின்று பேர்பெற்ற சிக்கமோர் மரத்தை 2023 செப்டம்பர் 28 அதிகாலை வெட்டிவிட்டார்கள், அதன் அடிமரம் வேலிக்குள் இருக்கிறது. 2024இல் அதிலிருந்து புதுத்தளிர் விட்டது. வேலியைத் தாண்டக் கூடாது. வேரின்மேல் மிதித்தால் தளிர் போய்விடும்.

ஆறாம் நாள்: மழை

மழை நாளுக்கு ஊரின் வடக்கே இர்த்திங் பள்ளத்தாக்கு. கந்தக ஊற்றை நம்பி 18, 19ஆம் நூற்றாண்டுகளில் நோயாளிகள் வந்த இடம். ஊற்றை மூக்கே காட்டிக்கொடுக்கும், அழுகிய முட்டை நாற்றம். மேலே பாப்பிங் ஸ்டோன் என்ற பாறையில்தான் ஸ்காட்லாந்து எழுத்தாளர் வால்டர் ஸ்காட் 1797இல் ஷார்லட் சார்பென்டியரிடம் திருமணம் பேசினார் என்பது ஊர்ப்பேச்சு. அந்த ஆண்டு டிசம்பர் 24இல் கார்லைல் தேவாலயத்தில் திருமணம் நடந்தது பதிவில் உள்ளது. இறங்கும் பாதை ஈரத்தில் வழுக்கும், இலைக்குப்பைக்கு அடியில் வேர்கள். ஊன்றுகோல் இல்லாமல் போகாதீர்கள். ஆறு பழுப்பாக ஓடினால் கரைக்கே இறங்க வேண்டாம், மலையில் பெய்த மழை இங்கே வந்துகொண்டிருக்கிறது என்று அர்த்தம்.

கிளம்புகிறவர்கள் ஹால்ட்விசிலில் கார்லைல் ரயிலில் ஏறினால் இடப்பக்க சன்னல். கிரீன்ஹெட்டைத் தாண்டி ஐந்து நிமிடத்துக்குள் மரங்கள் அடர்ந்த ஓடைப் பள்ளம் ஒன்று வரும், அதை அடுத்துச் சரிவில் சதுரமாகக் கற்கள். நாற்பத்தெட்டாம் மைல்கோட்டை. ரயில் வேகம் குறைக்காது.